நாங்க பார்த்துக்கிறோம்

என் மாமனாருக்குக் கோபம் வர பெரிசா ஒண்ணும் வேண்டாம். ‘இலவசம்’னு யாராவது வாய் தவறிச் சொன்னாப் போதும். கையில ஓடிக்கிட்டிருந்த அரம் அப்படியே நிக்கும். கண்ணாடி நெத்திக்கு ஏறும். "இலவசமா? யார் வீட்டுக் காசு அது?"ன்னு ஆரம்பிச்சார்னா, சாவி வெட்ட வந்தவங்க வந்த வேலையை மறந்துட்டு நிக்க வேண்டியதுதான்.

எங்களுக்குப் பூட்டுக்கடை. பழைய பூட்டைப் பிரிச்சு ரிப்பேர் பண்றது, மாற்றுச்சாவி வெட்டறது, சாவியைத் தொலைச்சுட்டு வாசல்ல நிக்கிறவங்களுக்குப் போய்க் கதவைத் திறந்து விடறது, இதுதான் பொழைப்பு. கடை வாசல்ல ஒரு பெஞ்சு கிடக்கும். காலைலயும் சாயந்திரமும் அதுல ஒரு கூட்டம் உட்கார்ந்து நாட்டை நடத்தும். நான் அதுக்கு பார்லிமெண்ட்னு பேர் வெச்சிருந்தேன். அங்க பிரதமர், நிதியமைச்சர், சபாநாயகர் எல்லாமே என் மாமனார்தான். எதிர்க்கட்சின்னு பார்த்தா கல்லாவுல உட்கார்ந்திருக்கிற மருமக நான் ஒருத்தி.

"அரசாங்கம் ரோடு போடணும், திருடனைப் பிடிக்கணும், எல்லையைக் காக்கணும். அதோட கையைக் கட்டிக்கிட்டு உட்காரணும். என் அடுப்புல என்ன வேகுதுன்னு எட்டிப் பார்க்கிற வேலை அதுக்கு எதுக்கு?" இது அவர் தினசரிப் பாட்டு. வாடகைக்கு உச்சவரம்பு வெச்சா வீடு கட்டறவன் கட்ட மாட்டான், வரியை ஏத்தினா உழைக்கிறவன் கை சோர்ந்துடும், குடும்பம் செய்ய வேண்டியதை ஆபீஸ் செய்ய ஆரம்பிச்சா குடும்பத்துல ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே மாட்டாங்கன்னு அடுக்கிக்கிட்டே போவார். எதிர்க்க சலூன் வெச்சிருக்கிறவர், கத்தரிக்கோலும் கையுமா வந்து நின்னு, "கரெக்ட்டுண்ணே, கரெக்ட்டுண்ணே"ம்பார். உள்ள ஒரு ஆள் பாதி முடி வெட்டின தலையோட காத்துக்கிட்டு இருப்பான்.

எனக்குச் சுருக்குன்னு இருக்கும். எங்க அம்மா விதவைப் பென்ஷன் வாங்கித்தான் எங்களை வளர்த்தா. ஒரு நாள் பொறுக்க முடியாம கேட்டுட்டேன். "அப்போ எங்க அம்மா வாங்கினது கேவலமா மாமா?"

அவர் அரத்தைக் கீழ வெச்சார். "உங்க அம்மா வேறம்மா. அது நிஜமான கஷ்டம்."

"கஷ்டத்துல நிஜம் எது, போலி எதுன்னு யார் முத்திரை குத்தறது? நீங்களா?"

"சரி சரி, ஒரு டீ போடேன்"னார். அவருக்குப் பதில் தெரியலைன்னா டீ கேப்பார். அன்னிக்கு நானும் சர்க்கரை போடாமலே குடுத்தேன்.

ஆனா ஒண்ணு சொல்லணும். மனுஷன் ஊருக்கு ஒரு பேச்சு, தனக்கு ஒரு பேச்சுன்னு இருந்தவர் இல்லை. நான் இந்த வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி மின்கசிவுல கடை எரிஞ்சு போச்சாம். நிவாரணம் தர வந்த ஆளை, "என்னைவிட மோசமா எரிஞ்சவன் இருப்பான், அவன்கிட்ட போ"ன்னு திருப்பி அனுப்பிட்டு, சலூன் மூலையில ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து சாவி வெட்டியிருக்கார். மாமியார் படுத்த படுக்கையா இருந்த காலத்துல தானே குளிப்பாட்டி, தானே தலை பின்னி விட்டிருக்கார். பின்னல் கோணல் மாணலா இருக்கும்னு என் வீட்டுக்காரர் சொல்வார். அவருக்கு வெளியூர்ல வேலை. மாசத்துக்கு ரெண்டு தடவை வருவார், வந்து அப்பா பேச்சுக்குத் தலையாட்டிட்டுப் போவார். மிச்ச நாளெல்லாம் நானும் மாமனாரும் கடையும்தான்.

கடையை ஒட்டினாப்ல பக்கத்து வீட்டுல டைப்பிஸ்ட் அம்மா. கோர்ட்டுல டைப்பிஸ்டா இருந்து ரிட்டையர் ஆனவங்க. கல்யாணம் பண்ணிக்கல. ஏன்னு கேட்டா, "பத்து விரலுக்கும் வேலை இருந்துச்சு, மோதிரம் போட இடம் இல்லை"ம்பாங்க. ஒரு ஒத்தை அறை, சமையல் மேடை, பின்னால குளியலறை. அந்தக் குளியலறையிலதான் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சது. ஆஸ்பத்திரியிலேருந்து வந்தப்போ எழுந்து நிக்க முடியல. திரும்பிப் படுக்கவே இன்னொரு கை வேணும்.

அவங்க வீட்டுக்கு வந்த வாரமே, அரசாங்கத்துலேருந்து ஒரு அதிகாரிப் பொண்ணு தோள்ல பையோட வந்து நின்னா. வெயில்ல நடந்து வந்ததுல முகமெல்லாம் சிவந்து கிடந்துச்சு. காலைலயும் சாயந்திரமும் ஒரு உதவியாள் வருவா, குளிப்பாட்டுவா, துணி மாத்துவா, சாப்பாடு குடுப்பா, சம்பளம் அரசாங்கம் தரும்னு சொன்னா. நாங்க பாதித் தெரு அந்த ஒத்தை அறையில நெருக்கியடிச்சு நின்னுக்கிட்டு இருந்தோம்.

என் மாமனார் முன்னால வந்தார். எனக்கு அப்பவே தெரியும், பார்லிமெண்ட் கூடிடுச்சுன்னு.

"நீங்க நல்ல மனசோட வந்திருக்கீங்க, அதுக்கு நன்றிம்மா. ஆனா யாரோ முகம் தெரியாத ஆள் மணி பார்த்து வந்து, மணி பார்த்துப் போறதா கவனிப்பு? இவங்க என்ன அநாதையா? இந்தத் தெருவுல பாதிப் பேருக்கு விண்ணப்பம் டைப் அடிச்சுக் குடுத்த கை இது. அரசாங்கம் ஒரு வாசல் வழியா உள்ள வந்துச்சுன்னா, அக்கம்பக்கம் இன்னொரு வாசல் வழியா வெளிய போயிடும். நான் கண்ணால பார்த்திருக்கேன். இவங்களை நாங்க பார்த்துக்கிறோம்."

பொய் சொல்வானேன், எனக்கே உடம்பு சிலிர்த்துப் போச்சு. எதிர்க்கட்சியே கைதட்டிடும் போல இருந்துச்சு.

அந்தப் பொண்ணு கட்டிலைப் பார்த்து, "அம்மா, நீங்க என்ன சொல்றீங்க?"ன்னு கேட்டா.

டைப்பிஸ்ட் அம்மா சுத்தி நின்ன எங்க எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாங்க. சிரிச்சாங்க. "இவ்வளவு பேர் நிக்கும்போது நான் என்ன சொல்றது?"

சரின்னு சொல்லிட்டாங்கன்னு எல்லாரும் எடுத்துக்கிட்டோம். அதிகாரிப் பொண்ணு பையை மாட்டிக்கிட்டுப் போயிட்டா.

அன்னிக்கே என் மாமனார் உட்கார்ந்து அந்த வீட்டுச் சாவிக்கு மாற்றுச்சாவி வெட்டி, வீட்டுக்கு ஒண்ணுன்னு குடுத்தார். வேலையை முறை போட்டுக்கிட்டோம். சலூன்காரர், "ஒரு சார்ட் எழுதி கதவுல ஒட்டிடலாம்ணே, வந்தவங்க டிக் அடிக்கட்டும்"னார். வந்துச்சே கோபம் இவருக்கு!

"சார்ட்டா? அடுத்து கையெழுத்து கேப்ப, அதுக்கப்புறம் சூப்பர்வைசர் போடுவ. அப்புறம் நாம எதுக்கு, அந்த ஆபீஸே வரட்டுமே? இது மனுஷனை மனுஷன் நம்பற விஷயம்யா. வந்தியா வரலியான்னு ஒருத்தரை ஒருத்தர் கேக்கவே கூடாது. கேட்டா அது அவமானம்."

அதுவே எங்க தெருவோட சட்டமாப் போச்சு. யாரும் யாரையும் கேக்கறதில்லை. அதுல எங்களுக்கு ஒரு பெருமை வேற. அடுத்த தெருக்காரங்க விசாரிச்சா, "எங்க தெருவுல கணக்கெல்லாம் கிடையாது"ன்னு கழுத்தை நிமிர்த்திச் சொல்வோம்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. என் மாமனார் ‘நாங்க’ன்னாரே, அந்த நாங்க யாருன்னு பார்த்தா நான், மாடிவீட்டு அக்கா, சலூன்காரர் பொண்டாட்டி. மூணே பேர். குளிப்பாட்டறது, மலம் அள்ளறது, துணி துவைக்கிறது எல்லாம் பொம்பளை வேலை ஆச்சே. ஆம்பளைங்க பெஞ்சுல உட்கார்ந்து அக்கம்பக்கத்தோட மகிமையைப் பேசினாங்க. நான் ஒரு நாள் ஈரக் கையோட கடைக்கு வந்து, "மாமா, உங்க கொள்கைக்குக் கொஞ்சம் சோப்பு தீர்ந்து போச்சு"ன்னேன். சிரிச்சுட்டு உடனே போய் வாங்கிட்டு வந்தார். அவரும் சும்மா இருக்கலை, மத்தியானமெல்லாம் அங்க போய் பேப்பர் படிச்சுக் காட்டுவார். தலையங்கத்தைப் படிக்கிறதும், அதோட சண்டை போடறதும், ‘கேட்டு வாங்கித் தின்னற பழக்கம் வந்துட்டா மனுஷன் மனுஷனா இருக்க மாட்டான்’னு முடிக்கிறதுமா நேரம் போகும். டைப்பிஸ்ட் அம்மா கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருப்பாங்க. சில சாயந்திரம் அந்த அறையில ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து ஒரே கும்மாளமா இருக்கும். அதெல்லாம் நிஜம்தான். நான் இல்லைங்கலை.

இப்படி மழைக்காலம் முடிஞ்சு வெயில் வந்துடுச்சு. பக்கத்து ஊர் வியாபாரிகள் சங்கத்துக்கு இது காதுல விழுந்திருக்கு. அரசாங்கத்தை எதிர்பார்க்காம ஒரு தெரு எப்படித் தன் ஆளைத் தானே பார்த்துக்குதுன்னு வந்து பேசணும்னு என் மாமனாரைக் கூப்பிட்டாங்க. மனுஷனுக்குத் தலைகால் புரியல. செருப்பை விட்டுட்டு ஷூ வாங்கினார்னா பார்த்துக்கோங்க. அதைப் போட்டுக்கிட்டு கடைக்குள்ளயே நடந்து பழகினார். "மாமா, பிரதமர் நடையில கொஞ்சம் நொண்டல் தெரியுது"ன்னேன்.

அந்தக் கூட்டம் நடக்கிற சனிக்கிழமைதான் எங்க அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். நான் வெள்ளிக்கிழமை சாயந்திரம் கிளம்பணும். சனி, ஞாயிறு எங்க வீட்டு முறை. பையைத் தூக்கினப்போ சொன்னேன், "மாமா, மாடிவீட்டு அக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போறேன்."

"உனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு. நான் சொல்லிக்கிறேன், நீ கிளம்பு"ன்னார். வெள்ளிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டைக் குடுத்து, படுக்கையை மாத்தி, குடிக்கத் தண்ணி வெச்சுட்டுத்தான் பையையே எடுத்திருந்தேன். அப்படியே கிளம்பிட்டேன்.

ஞாயித்துக்கிழமை சாயந்திரம் நான் வீட்டுக்குள்ள நுழைஞ்சு பையைக் கீழ வைக்கலை, இவர் வந்து இறங்கினார். கையில கண்ணாடியில செஞ்ச ஒரு கேடயம். அவர் பேரை அதுல பொறிச்சிருந்தாங்க. முகமெல்லாம் ஒரே பிரகாசம். "ராத்திரி தங்கித்தான் ஆகணும்னு ஒரே பிடிவாதம்மா, விட்டாத்தானே! எழுந்து நின்னு கைதட்டினாங்க. இரு, டைப்பிஸ்ட் அம்மாகிட்ட முதல்ல காட்டிட்டு வந்துடறேன். அவங்களைப் பத்தித்தானே பேசினதெல்லாம்"னு ஷூவைக் கூடக் கழட்டாம போனார்.

போன வேகத்துல திரும்பி வந்தார். வாசல்ல நின்னார். வாய் கோணிக்கிட்டு இருந்துச்சு.

"என்ன மாமா?"

"நீ உள்ள போம்மா. நீ போ."

ஓடினேன். செத்துட்டாங்கன்னுதான் நினைச்சேன்.

கதவைத் திறந்ததுமே நாத்தம் முகத்துல அடிச்சுது. இருட்டுக்குள்ளேருந்து, "விளக்கைப் போடாதே"ன்னு டைப்பிஸ்ட் அம்மா குரல். நான் போட்டேன். என்ன சொல்ல! ரெண்டு நாள் மலமும் மூத்திரமும் அவங்களுக்கு அடியிலயே காய்ஞ்சும் காயாமலும் கிடந்துச்சு. தண்ணிச் சொம்பு கவுந்து கிடந்துச்சு. உதடு வெடிச்சு ரத்தம் உறைஞ்சிருந்துச்சு. முதுகுல, இடுப்புல தோல் உரிஞ்சு புண். நான் தொட்ட இடமெல்லாம் துடிச்சாங்க. துடிச்சுக்கிட்டே, "மன்னிச்சுக்கோம்மா, துணியெல்லாம் அசிங்கமாயிடுச்சு, உனக்குத்தான் கஷ்டம்"னாங்க. என்கிட்ட மன்னிப்புக் கேக்கறாங்க! எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. வாளி வாளியாத் தண்ணி கொண்டு வந்து துடைச்சேன்.

என்ன நடந்துச்சுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. என் மாமனார் யார்கிட்டயும் சொல்லவே இல்லை. மறந்துட்டாரான்னா முழுசா மறக்கவும் இல்லை. நம்ம தெருவுல இதை வேற சொல்லணுமா, தானா யாராவது பார்த்துப்பாங்கன்னு விட்டுட்டுப் பேச்சைத் தயார் பண்ணப் போயிட்டார். மாடிவீட்டு அக்கா, ‘பூட்டுக்கடைக்காரர் வீட்டு முறையாச்சே, அவர் ஏற்பாடு பண்ணாமலா போயிருப்பார்’னு இருந்துட்டா. சலூன்காரர் பொண்டாட்டிக்குச் சனிக்கிழமை ராத்திரி அங்க விளக்கு எரியலைன்னு சந்தேகம் வந்திருக்கு. போய்க் கேட்டா நம்மளைச் சந்தேகப்படறாளேன்னு நினைப்பாங்கன்னு பேசாம படுத்துட்டா. எல்லார் கையிலயும் சாவி இருந்துச்சு. கேக்கறதுதான் அவமானம்னு ஆக்கி வெச்சிருந்தோமே.

படுக்கையை மாத்தறப்போதான் பார்த்தேன், தலையணைக்குப் பக்கத்துல போன். சார்ஜ் இருந்துச்சு. எங்க எல்லார் நம்பரும் அதுல இருக்கு.

"போன் கையிலயே இருக்கே! ஏம்மா கூப்பிடல? ஒரு கூப்பாடு போட்டிருந்தா ஓடி வந்திருக்க மாட்டாங்களா?"

நான் பஞ்சுல தண்ணி நனைச்சு உதட்டுல வெச்சேன்.

"என்னன்னு சொல்லிக் கூப்பிடறது?"

"ஏன் வரலைன்னு கேட்டுக் கூப்பிடணும்."

"அதை நான் எப்படிக் கேப்பேன்? நீங்க எல்லாம் சும்மா செய்யறீங்க. சும்மா செய்யறவங்களைப் பார்த்து ஏன் வரலைன்னு கேக்க எனக்கு என்ன இருக்கு? வந்தா நன்றி சொல்லலாம். வரலைன்னா காத்துக்கிட்டு இருக்கலாம். சனிக்கிழமை காலைல போனை எடுத்தேன். வெச்சுட்டேன். மத்தியானம் எடுத்தேன். அதுக்குள்ள படுக்கை இப்படி ஆயிடுச்சு. இந்தக் கோலத்துல யாரை வான்னு கூப்பிடறது? வெட்கம் பிடுங்கித் தின்னுது. நேத்து செத்துப் போயிட்டா நல்லா இருக்கும்னு இருந்துச்சு."

"அப்படிச் சொல்லாதீங்கம்மா..."

"உன் மாமா தினம் வந்து படிக்கிறாரே. கேட்டு வாங்கறவன் மனுஷன் இல்லைன்னு. கேட்டுக் கேட்டு அது எனக்குள்ளயும் இறங்கிடுச்சு போல. அந்த அரசாங்கப் பொண்ணு அனுப்பற ஆள் வந்திருந்தா, ஏண்டி லேட்டுன்னு சத்தம் போட்டிருப்பேன். அது என் காசு. வேலை பார்த்த காலமெல்லாம் என் சம்பளத்துல பிடிச்சாங்களே வரி, அந்தக் காசு. எனக்கு அவதான் வேணும்னு இருந்துச்சு. நீங்க எல்லாரும் சுத்தி நின்னுக்கிட்டு இருக்கறப்போ அதை எப்படிச் சொல்றது?"

கதவு திறந்துதான் இருந்துச்சு. என் மாமனார் வெளிய படியில உட்கார்ந்திருந்தார், கேடயம் மடியில. ஒரு வார்த்தை விடாம அவர் காதுல விழுந்திருக்கும். நான் அழுக்குத் துணி வாளியோட வெளிய வந்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, நறுக்குன்னு நாலு கேள்வி கேக்கணும்னு. அவர் நிமிர்ந்து பார்க்கல. ஷூ லேஸைப் பிடிச்சுக்கிட்டு இருந்தார், கழட்டவும் இல்லை. வயசான மனுஷன் இப்படிக் கூனிக் குறுகி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. என்னால ஒண்ணும் கேக்க முடியல. அவருக்காக எனக்கே அவமானமா இருந்துச்சு. அவர் மேல இருந்த கோபம் ஒரு பக்கம் அப்படியே இருக்க, அதுவும் இருந்துச்சு.

டாக்டர் வந்து புண்ணைப் பார்த்துட்டு, "யார் பார்த்துக்கறது இவங்களை?"ன்னு கேட்டார். நாங்க அத்தனை பேரும் சுவரைப் பார்த்தோம்.

மறுநாள் பெஞ்சுல கூட்டம் வழக்கம்போல சேர்ந்துச்சு. யாரும் அதைப் பத்திப் பேசல. கிரிக்கெட் பேசினாங்க. என் மாமனார்தான் ஆரம்பிச்சார். எழுந்து நின்னு, "தப்பு என்னுது. நான் அந்த அரசாங்க ஆபீசுக்குப் போய் அந்த உதவியாளைக் கேக்கப் போறேன்"னார்.

சலூன்காரர் பதறிட்டார். "அண்ணே, என்னண்ணே இது! ஒரு தடவை தவறிப் போச்சு. அதுக்காக? நீங்கதானே சொல்வீங்க, ஆபீஸ் உள்ள வந்தா அக்கம்பக்கம் வெளிய போயிடும்னு. நாளைக்கு இதே பேச்சா ஆயிடும்ணே, அரசாங்கம் இருக்கு அரசாங்கம் இருக்குன்னு ஒருத்தனும் எட்டிப் பார்க்க மாட்டான். இதெல்லாம் வெளிய தெரியவே வேண்டாம். நாமளே சரி பண்ணிக்கலாம்."

அத்தனையும் என் மாமனார் வார்த்தை. இவர் இழுக்கிற இடத்துல இழுத்து, நிறுத்தற இடத்துல நிறுத்தி, அப்படியே ஒப்பிச்சார் அந்த மனுஷன். வேற நாளா இருந்தா நான் விழுந்து விழுந்து சிரிச்சிருப்பேன். என் மாமனார் டீ கூடக் கேக்கல.

"நீ சொல்றது தப்புன்னு நான் இப்பவும் சொல்ல மாட்டேன்யா"ன்னார் கடைசியா. "ஆனா அதுக்கு உண்டான விலையை அந்தம்மா முதுகுல எழுதிட்டு வந்திருக்கேன். போய்ப் பாரு."

யாரும் போய்ப் பார்க்கல. அவர் மட்டும் போனார். கட்டில் கிட்ட போகாம நிலைப்படியிலயே நின்னுக்கிட்டு, "உங்களுக்கு என்ன வேணும்? நான் கேக்காமலே விட்டுட்டேன்"னார்.

முதுகுப் புண்ணுக்காக டைப்பிஸ்ட் அம்மாவைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் படுக்க வெச்சிருந்தேன். "அந்தப் பொண்ணு அனுப்பற ஆள் வேணும்"னாங்க.

கடைக்கு வந்து, கல்லாவுக்கு முன்னால நின்னு, சாவி வெட்ட வந்த ஆள் மாதிரி என்கிட்ட கேட்டார். "ஆபீசுக்குக் கூட வர்றியாம்மா? தனியா போக எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

என்கிட்ட இதுவரைக்கும் டீயைத் தவிர அவர் எதுவும் கேட்டதில்லை. கடையை மூடிட்டுக் கிளம்பினோம்.

அந்த ஆபீஸ்ல ஒரு நீளமான ஹால், வரிசையா இரும்பு நாற்காலி, தலைக்கு மேல கடகடன்னு ஒரு ஃபேன். குழந்தையோட பொம்பளைங்க, ஊன்றுகோலோட கிழவங்க, எல்லாரும் கையில டோக்கனோட உட்கார்ந்திருந்தாங்க. எனக்கு அந்த இடம் புதுசு இல்லை. அம்மா முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு இப்படி எத்தனை ஹால்ல உட்கார்ந்திருப்பேன். இவர் நாற்காலி நுனியில உட்கார்ந்தார், யாரோ எழுப்பி விட்டுடுவாங்கங்கற மாதிரி. எங்க கடைக்கு வர்ற வாடிக்கைக்காரர் ஒருத்தர் பார்த்துட்டார். "அட பூட்டுக்கடைக்காரரே! நீங்களா, இங்கயா?"

"ஒரு வேலையா வந்தேன்"னு என் மாமனார் தரையைப் பார்த்துச் சொன்னார். காது மடலெல்லாம் சிவந்து போச்சு. அந்த ஆள் சிரிச்சது எனக்குப் பிடிக்கல. ஆனா எங்க கடை பெஞ்சுல உட்கார்ந்து இவங்களை எல்லாம் பத்தி இவர் சிரிச்ச சிரிப்பும் எனக்கு ஞாபகம் இருந்துச்சு.

அதே அதிகாரிப் பொண்ணுதான். எங்களைப் பார்த்ததும் அடையாளம் தெரிஞ்சுக்கிட்டா. குத்திக் காட்டுவான்னு நான் சண்டைக்குத் தயாரா இருந்தேன். அவ அப்படி எதுவும் செய்யல. உட்காரச் சொன்னா. என்ன ஆச்சுன்னு கேட்டா. என் மாமனார் ஒண்ணு விடாம சொன்னார், கேடயம் வாங்கப் போனதையும் சேர்த்து. அதை அவர் மறைச்சிருக்கலாம். யாருக்குத் தெரியப் போகுது?

அவ முகத்துல ஒரு வருத்தம் வந்துச்சு. "ஆள் அனுப்பலாம் சார். ஆனா ஒரு விதி இருக்கு. கவனிக்க யாருமே இல்லாதவங்களுக்குத்தான் இது. பக்கத்துல இருக்கிற ஒருத்தர் சாட்சி சொல்லணும். அவங்களுக்கு உறவு, அக்கம்பக்கம், யாராவது இருக்காங்களா?"

"இருக்கோம்மா. நாங்க எல்லாம்..."

அவ எழுதறதை நிறுத்தினா. "சார், இருக்கோம்னு நீங்க சொன்னா என்னால தர முடியாது."

எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. "இது என்னங்க நியாயம்? ஆளும் வரட்டும், நாங்களும் பார்த்துக்கிறோம். ரெண்டும் இருந்தா யார் குடி முழுகிடும்? இருக்கிறவங்களை இல்லைன்னு சொல்லச் சொல்லுதா உங்க விதி?"

"விதியை நான் போடலைங்க"ன்னா அவ. பாவம், அவ குரலும் இறங்கித்தான் இருந்துச்சு.

இப்படி ஒரு விதியைக் கேட்டா என் மாமனார் சும்மா இருப்பாரா? ஒரு மணி நேரம் பேச அவருக்கு இது போதும். பேசுவார்னுதான் நான் அவரைப் பார்த்தேன். அவர் என் கையைத் தொட்டு, விடுன்னு தலையாட்டினார்.

"அவங்களுக்கு யாரும் இல்லைம்மா."

ஃபேன் சத்தத்துல அவளுக்குக் காதுல விழல. "என்ன சார் சொன்னீங்க?"

"யாரும் இல்லை"ன்னார் உரக்க. ஹால்ல இருந்த நாலஞ்சு பேர் திரும்பிப் பார்த்தாங்க. கண்ணுல தண்ணி நின்னுது அவருக்கு, துடைச்சுக்கலை.

அவ எழுதிக்கிட்டா. எழுதிட்டு, தலையைத் தூக்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டா.

"சாட்சி சொல்றது நீங்கதானே? அவங்களுக்கு நீங்க என்ன வேணும்?"

"பக்கத்து வீடு"ன்னார் என் மாமனார்.